தென்பெண்ணைச் சீமை – 19: நந்திமலை அடிவாரத்துக் கொடிகள்

சென்ற இதழில் தொரப்பள்ளியோடு நிறுத்தியிருந்தோம். ஓசூருக்குப் பக்கத்தில் தென்பெண்ணை ஓரம் இருக்கும் அந்தச் சிற்றூரில் 1878-இல் பிறந்தவர் ராஜாஜி. 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். மூன்றே மாதத்தில், அக்டோபர் 1-ஆம் தேதி, தாம் பிறந்த சேலம் மாவட்டத்திலேயே மதுவிலக்கைத் தொடங்கிவைத்தார். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதில் அடக்கம். நம் பக்கத்துக் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் ஒரே நாளில் மூடப்பட்டன. மரமேறிப் பிழைத்த குடும்பங்களுக்குப் பதநீரும் வெல்லமும் மாற்றுத் தொழிலாகச் சொல்லப்பட்டன. கலால் வருமானம் போன இடத்தை நிரப்ப 1939-இல் விற்பனை வரி வந்தது.

அதே ஆற்றின் தலைமாட்டில், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, முற்றிலும் வேறொரு கதை தொடங்கியது. அந்தக் கதைக்கு இந்த இதழ்.

தென்பெண்ணை பிறப்பது கர்நாடகத்தின் நந்திமலைத் தொடரில். கன்னடத்தில் அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். பாலாறும் வட பெண்ணையும் அர்க்காவதியும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் தோன்றுகின்றன. மலையின் உச்சி 1,478 மீட்டர். உச்சியில் நிற்கும் கோட்டையைக் கார்ன்வாலிஸின் படை 1791-இல் திப்புவிடமிருந்து பிடித்ததையும், அடுத்த ஆண்டே நம் பக்கத்துப் பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததையும் இந்தத் தொடரின் தொடக்கப் பகுதிகளில் பார்த்தோம். ஒரே மலை, ஒரே ஆறு, ஒரே செம்மண். ஆனால் ஆற்றின் மேல்பகுதி மைசூர்ச் சீமையிலும் கீழ்ப்பகுதி சென்னை மாகாணத்திலுமாகப் பிரிந்தது. நில வரியும் பாசனமும் மட்டுமல்லாமல், தோட்டத்தில் விளையும் ஒரு பழத்தின் விதிகூட அந்த எல்லைக்கோட்டால் மாறியது என்பதைச் சொல்லவே ஒயினின் வரலாற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு முதலில் போய்வருவோம். தென்பெண்ணையின் முகத்துவாரம் கடலூரை ஒட்டி. அங்கிருந்து வடக்கே சிறிது தூரத்தில் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது ஆம்போரா என்னும் இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. மத்தியதரைக் கடல் நாடுகள் ஒயினையும் ஆலிவ் எண்ணெயையும் கப்பலில் அனுப்பிய சாடிகள் அவை. யவனர் கொண்டுவந்த மதுவைத் தமிழ் மன்னர் அருந்தியதைப் புறநானூறு பேசுகிறது. தகடூரை ஆண்ட நம் அதியமான், கிடைத்த மதுவை ஔவையோடு பகிர்ந்துண்டதையும் அதே நூல் பேசுகிறது. ஆக, இந்த மண்ணில் பனையும் அரிசியும் தேனும் மதுவாயின. திராட்சை மது மட்டும் கடல் கடந்து வந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்காலம் அது இறக்குமதிச் சரக்காகவே இருந்தது.

திராட்சைக் கொடி இங்கே வளரவில்லை என்பதல்ல. கம்பம் பள்ளத்தாக்கில் இன்று பெயர்பெற்று விளங்கும் பன்னீர் திராட்சை, 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரால் தமிழகத்துக்கு வந்தது என்பார்கள். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நந்திமலை வட்டாரத்தில் வேரூன்றியது வேறொரு வகை: பெங்களூர் நீலம். சந்தையில் நாம் வெறுமனே கருப்பு திராட்சை என்று வாங்கும் பழம். தோல் தடிப்பு, உள்ளே கூழாக வழுக்கும் சதை, மூக்கைத் துளைக்கும் மணம். இதன் மூதாதை அமெரிக்கக் காட்டுக் கொடி. நோய் தாங்கும், காய்த்துத் தள்ளும், சாறு பிழிய நல்லது. சர்க்கரை சேர்த்துச் செய்யும் இனிப்புப் போர்ட் ஒயினுக்கும் போகும். ஆனால் பிரான்சிலும் இத்தாலியிலும் ஒயின் என்று சொல்வதற்கு வேண்டிய கொடி வேறு. காபர்னே சாவிஞோன், ஷிராஸ், சாவிஞோன் பிளாங்க் போன்ற ஐரோப்பிய வகைகள் அவை. பழம் சிறிது, கொட்டை பெரிது, தின்னச் சுவைக்காது. நோய் என்றால் முதலில் விழும்.

அந்தக் கொடிகளை இந்தியாவில் நட்டு, உலகத்தார் முகம் சுளிக்காமல் குடிக்கத்தக்க ஒயினைச் செய்ய முடியும் என்று நம்பியவர்கள் 1980-களில் இரண்டே இரண்டு பேர் என்று சொல்லலாம். ஒருவர் மராட்டியர் ஷாம் சௌகுலே. இன்னொருவர் கன்வல் குரோவர்.

சௌகுலே முந்திக்கொண்டார். புனேயிலிருந்து நாசிக் போகும் சாலையில் உள்ள நாராயண்காவில் தோட்டமும் ஆலையும் வைத்தார். பிரான்சின் பைப்பர்-ஹைட்சீக் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு, ஷாம்பேன் முறையிலேயே குமிழி பொங்கும் ஒயினைச் செய்தார். ஏற்றுமதிக்கு அவர் வைத்த பெயர் ஒமர் கய்யாம். 1980-களின் நடுவில் இந்தியாவிலிருந்து குமிழி ஒயின் ஐரோப்பாவுக்குப் போனது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். அந்தக் காலத்தில் ஒரு நல்ல இயந்திரம் இறக்குமதி செய்யவே தில்லியில் உரிமம் வாங்க நடையாய் நடக்கவேண்டும். சௌகுலேயின் இண்டேஜ் நிறுவனம் பின்னாளில் வெளிநாடுகளில்கூடத் தோட்டமும் ஆலையும் வாங்கி அகலக்கால் வைத்தது. 2008-க்குப் பிறகு கடன் சுமை தாங்காமல் சரிந்தது. முடிவு அப்படியானாலும், வழி திறந்தவர் அவர். அவர் ஆலையில் தொழில் கற்றவர்கள் பிறகு பல ஆலைகளுக்குப் போனார்கள்.

நம் ஆற்றங்கரைக்கு உரியவர் குரோவர். பம்பாயில் வணிகம் செய்துவந்தவர். வெளிநாட்டு உயர்தொழில்நுட்பக் கருவிகளை இந்தியாவுக்குக் கொண்டுவரும் வேலை. அதற்காகப் பிரான்சுக்கு அடிக்கடி போய்வந்தார். அங்கே ஒயின் மீது பற்று உண்டானது. பற்று பலருக்கும் வரும். இந்த மனிதர் அதை இந்திய மண்ணில் செய்துபார்ப்பது என்று முடிவு செய்தார். அப்போது அவர் இளைஞர் அல்லர். தொழிலில் நிலைபெற்று, நடுவயதைத் தாண்டியவர்.

அவர் தேடிப்பிடித்த ஆசான் ஜார்ஜ் வெசெல். ஷாம்பேன் பகுதியில் பூசி என்ற ஊரின் மேயராக இருந்தவர். மம் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தின் திராட்சைத் தோட்டங்களுக்குத் தொழில்நுட்பத் தலைவர். ஷாம்பேன் இருப்பது பூமத்திய ரேகைக்கு 49 பாகை வடக்கே. நந்திமலை 13 பாகை. உலகின் பெரிய ஒயின் பகுதிகள் எல்லாம் 30-க்கும் 50-க்கும் இடைப்பட்ட பாகைகளில் இருப்பவை என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். அதற்கு வெளியே நல்ல கொடி வளராது என்பது அன்றைய பொது முடிவு.

ஏன் வளராது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் முன்னோடிகளின் உண்மையான சாதனை இங்கேதான் இருக்கிறது.

ஐரோப்பாவில் பனிக்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்து உறங்கிவிடும். வசந்தத்தில் எல்லா மொட்டுகளும் ஒன்றாக விழிக்கும், ஒன்றாகப் பூக்கும், ஒன்றாகப் பழுக்கும். ஆண்டுக்கு ஓர் அறுவடை. நம் நாட்டில் கொடிக்கு உறக்கம் கிடையாது. விட்டால் ஆண்டு முழுக்கப் பச்சையாகவே படரும். நுனி மொட்டு மட்டும் ஓடும், அடி மொட்டுகள் குருடாகும். ஒரு கொத்து பழுத்திருக்க, பக்கத்தில் இன்னொன்று பூத்திருக்கும். ஒயினுக்கு அது உதவாது. ஆகவே குளிர் செய்யும் வேலையைக் கத்தரி செய்யவேண்டும். கோடையில் ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து. அது கிளையை உருவாக்க. அந்தக் கிளையின் மொட்டுக்குள் பூங்கொத்தின் கரு உருவாகும். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது கவாத்து. அது காய்க்க வைக்க. பிறகு பிப்ரவரி, மார்ச்சில் பழம். இரண்டு முறை வெட்டி ஒரு முறை அறுக்கும் இந்த முறை தின்னும் திராட்சைக்கு ஏற்கெனவே தக்காணத்து விவசாயிகள் கைக்கொண்டிருந்ததுதான். அதை ஐரோப்பியக் கொடிக்கு ஏற்றபடி மாற்றியமைப்பதில்தான் ஆண்டுக்கணக்கில் காலம் போனது.

வெப்பம் இன்னொரு சிக்கல். வெயில் ஏற ஏறப் பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். புளிப்பு இல்லாத ஒயின் சப்பென்று இருக்கும், சீக்கிரம் கெடும். இரவு குளிர்ந்தால் புளிப்பு தங்கும். அதனால்தான் உயரம் முக்கியம். நந்திமலை அடிவாரம் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவில் காற்று குளிர்ந்துவிடுகிறது. நீர் தேங்காத செம்மண். வெசெலும் குரோவரும் நாட்டின் பல இடங்களில் மண்ணையும் வானிலையையும் ஒப்பிட்டு, பிரான்சிலிருந்து வந்த 35 வகைக் கொடிகளை நட்டுச் சோதித்து, கடைசியில் தொட்டபள்ளாப்பூர் அருகே இடம் தேர்ந்தார்கள். நிறுவனம் 1988-இல் அமைந்தது. முதல் ஒயின் 1992-இல் சந்தைக்கு வந்தது.

1980-களின் தொடக்கத்திலிருந்து 1992 வரை என்பது பத்தாண்டு. திராட்சை நட்டால் மூன்றாம் ஆண்டுதான் ஒயினுக்குத் தக்க பழம். வகை சரியில்லை என்று தெரிய ஐந்தாறு ஆண்டு. தெரிந்தபின் பிடுங்கி மறுபடி நடவேண்டும். இந்தப் பத்தாண்டில் வருமானம் என்று ஒன்றும் இல்லை. சந்தை என்றும் ஒன்று இல்லை, ஏனென்றால் நாட்டில் ஒயின் குடிப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். குரோவரின் பொறுமையைத்தான் நான் முன்னோடித்தனம் என்று மதிக்கிறேன். பணம் இருந்தது, செய்தார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பணம் இருந்த பலர் அந்தக் காலத்தில் மனை வாங்கிப் போட்டார்கள்.

1990-களின் நடுவில் போர்தோவின் மிஷேல் ரோலான் ஆலோசகராக வந்தார். பல நாடுகளின் ஆலைகளுக்கு ஒயின் கலந்து தந்து உலகப்புகழ் பெற்றவர். காபர்னேயும் ஷிராஸும் கலந்த லா ரிசர்வ் என்ற சிவப்பு ஒயின் குரோவரின் அடையாளமாயிற்று. லண்டனின் டிக்கான்டர் இதழ் 2005-இல் அதைப் பாராட்டி எழுதியது. மகன் கபில் குரோவர் பொறுப்பேற்று நடத்தினார். 2012-இல் நாசிக்கின் வாலே த வான் நிறுவனத்தோடு இணைந்து குரோவர் ஜாம்பா ஆனது.

தோட்டத்தில் உழைத்தவர்களைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது. ஒயின் திராட்சைக்குப் பந்தல் கிடையாது. கம்பி வேலியில் செங்குத்தாக ஏற்றிக் கட்டுவார்கள். ஒவ்வொரு கிளையையும் எண்ணி விட்டு, மிச்சத்தைக் கிள்ளவேண்டும். இலையை எவ்வளவு உதிர்ப்பது, கொத்துக்கு எவ்வளவு வெயில் காட்டுவது என்பதெல்லாம் கைக்கணக்கு. அறுவடை விடியற்காலையில், வெயில் ஏறுமுன் பழம் ஆலையில் இருக்கவேண்டும். பெங்களூர் நீலத்தை மூட்டை மூட்டையாகப் பறித்துப் பழகிய கிராமத்துப் பெண்களும் ஆண்களும் இந்த நுணுக்கத்தைக் கற்றார்கள். ஏக்கருக்கு எவ்வளவு அதிகம் விளைகிறதோ அவ்வளவு நல்லது என்று தலைமுறை தலைமுறையாக நம்பிய விவசாயியிடம், கொத்தைக் குறை, விளைச்சலைக் குறை, தரத்துக்கு விலை தருகிறேன் என்று சொல்வது லேசான காரியம் அல்ல. நம்பிக்கை பிறக்கப் பல போகங்கள் ஆகியிருக்கும்.

இந்த நம்பிக்கையைப் பெரிய அளவில் கட்டியெழுப்பியவர் மூன்றாமவர், நாசிக்கின் ராஜீவ் சமந்த். ஸ்டான்ஃபோர்டில் படித்து, கலிஃபோர்னியாவில் ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். கங்காபூர் அணைக்கு அருகே குடும்ப நிலம். மா, ரோஜா என்று பலதும் செய்துபார்த்துவிட்டு, 1997-இல் சாவிஞோன் பிளாங்கும் ஷெனின் பிளாங்கும் நட்டார். கலிஃபோர்னியாவின் கெரி டாம்ஸ்கி ஒயின் செய்யக் கற்றுக்கொடுத்தார். 2000-இல் முதல் புட்டி வந்தது. தாயார் சுலபாவின் பெயரிலிருந்து சுலா. தின்னும் திராட்சை ஏற்கெனவே கொழித்த ஊர் நாசிக். அக்கம்பக்கத்து விவசாயிகளோடு பல ஆண்டு ஒப்பந்தம் போட்டு, கன்றும் முறையும் கொடுத்து, பழத்தை வாங்கிக்கொண்டார். தோட்டத்தையே சுற்றுலா இடமாக்கினார். 2022 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்தன.

தனிமனிதர் மட்டும் ஒரு வட்டாரத்தை உருவாக்கிவிட முடியாது; சட்டமும் கைகொடுக்கவேண்டும். மகாராஷ்டிர அரசு 2001-இல் திராட்சை பதப்படுத்தும் தொழிற்கொள்கையைக் கொண்டுவந்தது. மாநிலத்துத் திராட்சையில் செய்த ஒயினுக்குக் கலால் வரிச் சலுகை. விஞ்சூரிலும் பலூஸிலும் ஒயின் பூங்காக்கள். ஆலைகள் மளமளவென முளைத்தன. அந்த வேகத்துக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 2008-இன் உலகப் பொருளாதாரச் சரிவும் மும்பைத் தாக்குதலும் சுற்றுலாவையும் விடுதிகளையும் முடக்கின. தொட்டிகளில் ஒயின் தேங்கியது. ஆலைகள் பழம் எடுக்கவில்லை. பல விவசாயிகள் ஆசையாய் நட்ட கொடிகளைத் தாங்களே வெட்டிச் சாய்த்தார்கள். முன்னோடிகளின் புகழைப் பாடும் கட்டுரைகளில் இந்தப் பக்கம் பெரும்பாலும் விடுபட்டுவிடும். ஒப்பந்தம் காகிதத்தில் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், வாங்குபவன் கைவிரித்தால் ஒயின் திராட்சையை வேறு சந்தையில் விற்க முடியாது. தின்பாரில்லை.

கர்நாடகம் 2007-இல் தன் ஒயின் கொள்கையை அறிவித்தது. ஒயினுக்கென்று தனி வாரியமே அமைத்தது. நந்திப் பள்ளத்தாக்கு அதனால் பலன் பெற்றது. அங்கே விளையும் பெங்களூர் நீலத்துக்குப் புவிசார் குறியீடும் வந்தது. ஹம்பி மலைப்பகுதியில் கிருஷ்ண பிரசாத் சிகுருபதியும் மனைவி உமாவும் தொடங்கிய கிருஷ்மா தோட்டம், இரண்டாம் தலைமுறை முயற்சிகளில் சிறந்தது.

இனி நம் பக்கம். தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுக்க விரிந்து, 1971-இல் தளர்ந்து, சில ஆண்டுகளில் திரும்ப வந்து, பிறகு மறுபடி தளர்ந்த கதை வாசகர்களுக்குத் தெரியும். 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. இந்த நீண்ட காலத்தில் மது என்றால் ஒன்று தடுக்கவேண்டிய தீமை, அல்லது கஜானாவை நிரப்பும் வருமானம் என்ற இரு கோணங்களில் மட்டுமே அரசுகள் பார்த்தன. விவசாயியின் தோட்டத்தோடு அதற்கு உறவு உண்டாக்க யாரும் மெனக்கெடவில்லை. குடியால் சீரழிந்த குடும்பங்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கும் மாவட்டம் நம் தருமபுரி. ராஜாஜியின் எண்ணத்தில் இருந்த அக்கறையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த அக்கறையும் இன்று மிஞ்சவில்லை. விவசாயிக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. கடையில் விற்கும் சரக்குக்கும் நம் மாவட்டத்துக் கொல்லைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

சட்டம் மட்டும் தடை என்றும் சொல்லிவிட முடியாது. தருமபுரி நகரம் 500 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. நந்தி அடிவாரத்தின் இரவுக் குளிர் இங்கே இல்லை. நம் பக்கம் செப்டம்பர், அக்டோபரில் மழை வலுக்கும். காய்ப்புக் கவாத்து முடிந்து தளிர் விடும் நேரத்தில் ஈரம் நின்றால் அடிச்சாம்பல் நோய் இலையையும் பூங்கொத்தையும் ஒருங்கே எரித்துவிடும். ஓசூர் மேட்டுநிலம் உயரத்தில் நந்திக்கு ஈடானது. அந்தப் பகுதியும் 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு போய்விட்டது. ஆகவே தருமபுரியை ஒயின் நாடாக்கலாம் என்று யாராவது மேடையில் பேசினால் நம்பவேண்டாம்.

ஆனால் முன்னோடிகளிடமிருந்து எடுத்துக்கொள்ள வேறொன்று இருக்கிறது. மாம்பழத்துக்குக் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கூழ் ஆலைகள் வந்தன. விலை விழும் ஆண்டுகளிலும் பழம் போய்ச்சேர ஓரிடம் உண்டானது. அங்கும் விலைத் தகராறு தீரவில்லைதான். ஆனால் ஆலை இல்லாத காலத்தைவிட நிலைமை மேல். தக்காளிக்கு அப்படி ஒன்று போதிய அளவில் இன்றுவரை இல்லாததால்தான் பாலக்கோட்டு விவசாயி விலை விழுந்த நாளில் கூடைகளைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார். குரோவரும் சமந்தும் செய்தது, ஒரு பழம் பறித்த வாரத்திலேயே விற்றாகவேண்டும் என்ற அவசரத்திலிருந்து அதை விடுவித்ததுதான். அந்தப் பத்தாண்டுப் பொறுமையை நம் விளைபொருளில் ஒன்றின் மீது முதலிட ஒருவர் முன்வந்தால், அவருக்கு அரசு கொள்கையால் துணைநிற்க வேண்டும்.

நந்தி அடிவாரத்துக் கதையும் முடிந்த கதை அல்ல. 2008-இல் தேவனஹள்ளியில் விமான நிலையம் வந்தபின் அந்த வட்டாரமே மனைகளாக மாறிவருகிறது. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டன. பெங்களூரின் கழிவுநீர் கலந்து, ஓசூர் அருகே தென்பெண்ணையின் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை நாம் ஆண்டுதோறும் செய்தியில் பார்க்கிறோம். கொடி நட்டவர் மேட்டிலும் நெல் நட்டவர் பள்ளத்திலும் நம்பியிருப்பது ஒரே ஆற்றை.

ஒரு வேண்டுகோள். கிருஷ்ணகிரி, தருமபுரி, காவேரிப்பட்டணம் பக்கம் திராட்சைப் பந்தல் வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. எந்த வகை நட்டீர்கள், எந்தச் சந்தைக்கு அனுப்பினீர்கள், ஏன் விட்டீர்கள் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதியனுப்புங்கள். பழைய படங்கள் இருந்தால் கூடுதல் நன்மை. இந்த மாவட்டத்தின் தோட்ட வரலாறு இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது. அடுத்த இதழில் பாலக்கோட்டின் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை.